வந்து போகும் தண்ணீர்

பூமியில் மட்டும் உயிர்கள் வாழக் காரணம் என்ன? நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திய காலத்தில் இந்தக் கேள்வி பரீட்சைக்குப் பரீட்சை வரும். காற்று, தண்ணீர், அளவான வெயில் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். நானும் முழு மார்க் போட்டுவிடுவேன். ஆனால் மனதுக்குள் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்: தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, அது வந்து போக வேண்டும். இதற்காக எப்பேர்ப்பட்ட மேதாவியோடும் மல்லுக்கு நிற்க நான் தயார். கண்ணால் பார்த்தவள்.

எங்கள் ஊர் பொன்னேரிக்குக் கிழக்கே, ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியில் போய்ச் சேரும் பள்ளத்துப் பக்கம். அந்த ஏரி கடலோடு சேரும் இடம் முகத்துவாரம். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி அதை அடைத்துவிடும். மழைக்கு முன்னால் மீன்பிடிக்கும் குப்பத்துக்காரர்கள் ஒன்றுகூடி மண்வெட்டியால் வெட்டித் திறப்பது வழக்கம். திறந்தால்தான் கடல் உள்ளே வரும், கூடவே இறாலும் மீனும் வரும். நெல் போடும் எங்களுக்கோ அது வயிற்றெரிச்சல். கடல் ஏறினால் ஆற்று வழியாக உப்பு வயலுக்கு வந்துவிடும் என்று பயம். எங்கள் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், அந்தப் பயம் எல்லாரையும்விட ஒரு படி அதிகம். கடலைப் பற்றிப் பேசினால் வழக்குப் போட்ட பங்காளியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்.

நிலாவில் மனிதன் நடந்ததற்கு அடுத்த வருஷம் என்று நினைவு, நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் நெல் போடும் ஊர்க்காரர்கள் எல்லாரும் கூடி, இந்தத் தடவை முகத்துவாரத்தை வெட்டக்கூடாது என்று குப்பத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். மீறினால் மீன்கூடை எங்கள் ஊர்களுக்குள் நுழையக்கூடாது. குப்பத்துப் பெண்கள் மீனைக் கொடுத்து நெல் வாங்கிப்போய்த்தான் உலை வைப்பார்கள். வேறு வழியில்லாமல் அவர்கள் வெட்டவில்லை. இந்த முடிவுக்கு முதலில் தலையாட்டியவர் நைனாதான்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஆற்றுத் தண்ணீர் ஏரியை நிரப்பியது. ஏரித் தண்ணீருக்குக் கடலுக்குப் போக வழியில்லை. அது திரும்பி வந்து எங்கள் வயலில் உட்கார்ந்துகொண்டது. தூர் கட்டிக்கொண்டிருந்த சம்பாப் பயிர் நுனிகூடத் தெரியாமல் முழுகிவிட்டது. அது போனால் அந்த வருஷம் எங்களுக்குச் சோறில்லை, விதைக்கும் மிஞ்சாது. நைனா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு காலாலேயே பயிரைத் தடவிப் பார்ப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பெண்ணின் புருஷன்தான் குப்பத்துக்குத் தலைவர். அவள் சரியான வாய்க்காரி, அதனாலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கூடையில்லாமல் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, உங்க ஊட்டு நெல்லு நீச்சல் கத்துக்கினு கீதா?"

நைனா பல்லைக் கடித்தார். "மொகத்துவாரத்த வெட்டி உடச் சொல்லும்மா உன் புருசன. இன்னிக்கே."

"இன்னிக்கு வெட்டினா நிக்காதுண்ணா. தீவாளி அமாவாசைக்குக் கடலு நல்லா உள்வாங்கும். அப்போ வெட்டினாத்தான் தண்ணி பிச்சிக்கினு ஓடும், மண்ணையும் இஸ்துக்கினு பூடும். அதுவரைக்கும் பொறு."

"அதுக்குள்ள பயிரு அழுவிப்பூடும். பழி வாங்குறீங்களா?"

"பழி வாங்குறவ இம்மாந் தண்ணில நடந்து வந்து சொல்லிக்கினு இருப்பாளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நைனா கேட்கவில்லை. வயலில் தண்ணீர் நின்றால் மடையைத் திற. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் ஊர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு படகில் போய் அன்றைக்கே வெட்டினார். தண்ணீர் சோம்பலாகக் கொஞ்சம் ஓடியது. பிறகு கடல் பெருகி, மணலை வாரிக்கொண்டு வந்து, யாரும் கையே வைக்காத மாதிரி அடைத்துவிட்டுப் போயிற்று. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

தீபாவளியன்று எங்கள் ஊரில் யாரும் எண்ணெய் வைத்துக் குளிக்கவில்லை. ஆண்கள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் படகில் ஏறிவிட்டேன். குப்பத்துக்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்து ஆழமாகக் கால்வாய் வெட்டி, ஏரிப் பக்கம் ஒரு மண்சுவரை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். யாரும் நைனாவைக் குத்திப் பேசவில்லை. தலைவர் கடலில் காலை வைத்துக்கொண்டு நின்றார். அலை பின்வாங்கத் தொடங்கியதும் கையைத் தூக்கினார். சுவர் உடைந்தது. தண்ணீர் போன வேகத்தில் இரண்டு கரையும் பொலபொலவென்று சரிந்தன. நான் தொண்டை கிழியக் கத்தினேன். வெட்கமே இல்லை, அத்தனை சந்தோஷம்.

நிலாவில் ஒரு புல் இல்லை, சுவாசிக்கக் காற்று இல்லை என்று பேப்பரில் படித்திருந்தேன். அந்தக் காய்ந்துபோன உருண்டைதான் அமாவாசையன்று சூரியனோடு சேர்ந்துகொண்டு கடலை இழுத்து, எங்கள் நெல்லுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தது. தனக்கென்று ஓர் உயிர்கூட இல்லாதது நம் உயிரைக் காப்பாற்றுகிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிற்பாடு எத்தனையோ புத்தகங்கள் படித்தேன். அன்றைக்குப் புரிந்ததை எதுவும் மாற்றவில்லை.

ராப்பகலாகத் தண்ணீர் வடிந்தது. பயிர் மஞ்சளாகத் தலைகாட்டியது. பாதி போய்விட்டது, பாதிக்கு உயிர் இருந்தது. உடனே நைனாவுக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. உப்பு ஏறுவதற்குள் முகத்துவாரத்தை மூடிவிட வேண்டும் என்று மண்வெட்டி, சாக்கு, ஆட்கள் எல்லாவற்றையும் படகில் ஏற்றினார். நான் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை. மறுபடியும் கூடவே போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. மீன்காரம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். சாக்குகளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முந்தானையைத் தண்ணீரில் முக்கி எடுத்து நைனாவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். ஈரத்துணியில் கண் மட்டும் தெரிகிற, ஊசிமுனை போன்ற குஞ்சுகள் துள்ளின.

"இன்னா இது?" என்றார் நைனா.

"எங்க நாத்துண்ணா. எறாக் குஞ்சு. கடல்ல பொறந்து இங்க வந்துதான் பெருசாவும். வழிய அடைச்சிட்டா இதுக்கு வயலு ஏது?"

நைனா குனிந்து ஒரு விரலால் தொட்டார். ஒன்று அவர் நகத்தின்மேல் துள்ளி விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், விரலை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டு அதைப் போகவிட்டார்.

"சாக்க எறக்கலாமா?" என்று பின்னாலிருந்து எங்கள் ஆள் ஒருவர் கேட்டார்.

"வாணாம்பா. உப்பு ஏறாம நம்ம பக்கம் ஆத்துக் கரைய ஒசத்திக்கலாம்" என்றார் நைனா. கடலைப் பார்த்தபடியே, "உள்ள வரட்டும்" என்றார்.