ஊமைப் பாயில் ஓர் ஆண்டு

பட்டறையில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பியால் காயில் சுற்றினாள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் மேசையை விட்டு இறக்கியதில்லை.

"அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையையும் மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?" என்று பக்கத்து மேசைக்காரர் சீண்டுவார்.

"பாக்காம விட்டது அந்த ஒண்ணுதான்" என்பாள்.

அறுபத்தோராம் வயதில் குளியலறைக் கதவைத் தள்ளினாள், மணிக்கட்டு முறிந்தது. வழுக்கவில்லை, விழவில்லை. எலும்பு தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். காயில்களை உள்ளே வைத்துத் தைத்த பாய். மின்சாரம் விட்டுவிட்டு ஓடும். அதனால் எழும் காந்தப்புலம் எலும்பைத் தேற்றுமா என்று பார்க்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம், ஒரு வருஷம் படுக்க வேண்டும். பாதிப் பேருக்குக் கிடைப்பது மின்சாரமே ஓடாத வெறும் பாய். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. அவளும் சேர்ந்தாள்; ஒரு பாய் வீட்டுக்கு வந்தது.

"அம்மா, அதுல கை வெச்சுடாத" என்றாள் மகள். மின்னணுவியல் படித்தவள், அம்மாவையும் படித்தவள்.

அம்மா மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் மெல்லிய கம்பியை முந்நூறு சுற்றுச் சுற்றி, பழைய ரேடியோவின் இயர்போனோடு இணைத்துப் பாய்மேல் வைத்தாள். மின்சாரம் ஓடினால் காதில் இரைச்சல் வர வேண்டும். பாயின் பச்சை விளக்கு எரிந்தது. காதில் ஒன்றுமில்லை. தன் சுற்றில்தான் கோளாறோ என்று, ஓடுகிற மிக்ஸியின் அருகில் கொண்டுபோனாள். காதில் இரைந்தது. அப்படியானால் பாய்தான் ஊமை.

மகளுக்கு ஆத்திரம். "விட்டுட்டு வந்துடும்மா. சும்மா படுத்துக் கெடந்தா இருக்கற எலும்பும் போயிடும். நானே ஒரு பாய் செஞ்சு தரேன்."

"நீ செய்யறது பலிக்கும்னு யாருடி சொன்னா?"

மகள் இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"வெறும் பாய்ல படுத்தவளுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தானே, மத்தவளுக்கு ஆனது பாயாலதானான்னு சொல்ல முடியும்? எல்லாரும் எழுந்து போயிட்டா எதோட ஒப்பிடுவாங்க?"

மறுநாள் டாக்டரிடம் போனாள். "பாயைச் சோதிச்சுப் பாத்துட்டேன் சார். தப்புதான். கை சும்மா இருக்கல."

"அப்படின்னா உங்களுக்கு வந்தது..."

கையை உயர்த்தித் தடுத்தாள். "அதச் சொல்ல மாட்டேன். உங்களுக்காவது தெரியாம இருக்கட்டும்."

சோதித்ததை மட்டும் டாக்டர் எழுதிக்கொண்டார். தொடர்வதும் விலகுவதும் உங்கள் விருப்பம் என்றார்.

"படுக்கறேன்."

தினமும் மாலை ஐந்து மணிக்குப் படுத்தாள். காய்ச்சலிலும் படுத்தாள். யாராவது பேச்சுக் கொடுத்தால், "டியூட்டில இருக்கேன், அப்புறம் வா" என்பாள். மகள் அந்த ஒரு மணி நேரமும் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருப்பாள்.

வருஷ முடிவில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி இரண்டு சதவீதம் இறங்கியிருந்தது. மகளால் அந்தத் தாளைப் பார்க்க முடியவில்லை. அம்மா வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "பேரும் நம்பரும் சரியா இருக்கு. ஃபைல்ல சேத்துடுங்க" என்று டாக்டரிடம் நீட்டினாள்.

வெறும் பாய் வாங்கியவர்களுக்கு அடுத்த வருஷம் வேலை செய்யும் பாய் தருவதாக முதலிலேயே சொல்லியிருந்தார்கள். தந்தார்கள். நான்கு மாதம் படுத்தாள். பிறகு ஒரு மதியத் தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது. எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை. பலன் உண்டு என்று வந்தாலும், இல்லை என்று வந்தாலும், அந்த இரண்டு சதவீதத்தையும் சேர்த்துத்தான் வரும்.