நடுவர்கள் நம்பிய கிணறு

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அன்று அரங்கில் இருந்தவர்கள் அனைவரும் எனக்குக் கைதட்டியவர்கள். அவர்கள் சாட்சியம் செல்லாது.

ஆரணியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பட்டு நிறுவனத்தின் சாய ஆலை இருக்கிறது. அதன் சுத்திகரிப்பு இயந்திரம் ஆய்வாளர்கள் வரும் நாள்களில் மட்டும் ஓடும். தினமும் ஓடினால் மின்சாரச் செலவு லாபத்தைத் தின்றுவிடும் என்று அங்கே வேலை செய்பவர்களே சொல்வார்கள். ஆனால் உலகச் சுற்றுச்சூழல் நாள் வரும் ஜூன் மாதம் பிறந்தால் நிறுவனத்துக்கு இயற்கையின்மீது பேரன்பு சுரக்கும். சென்ற ஜூனில் அந்த அன்பு, கல்லூரி மாணவர்களுக்கான சொற்போர்ப் போட்டியாக வெளிப்பட்டது.

தலைப்பு: தொழில் வளர்ச்சி இயற்கையைக் காக்கிறதா, அழிக்கிறதா? எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது எங்கள் மரபு. பேச்சாளனுக்குத் திறமை போதும், கருத்து வேண்டியதில்லை என்பது அதன் உட்பொருள். எனக்குக் 'காக்கிறது' வந்தது. நான் கலங்கவில்லை.

எதிரணி ஆதாரங்களை அடுக்கியது. ஆதாரத்தை வீழ்த்த வல்லது சொந்த அனுபவம். கைவசம் இல்லாவிட்டால் மேடையிலேயே ஒன்றைச் செய்துகொள்வதும் எங்களுக்குள் வழக்கம்தான். "நான் அந்த ஆலையின் நிழலில் வாழ்பவன். எங்கள் தெருக் கிணற்று நீரைப் பருகிவிட்டுத்தான் இன்று காலை இங்கே வந்தேன்" என்றேன். பிறகு, சரியான அளவுக்கு மௌனம் காத்தேன். நடுவர்கள் உருகினார்கள். எங்கள் வீட்டில் கேன் தண்ணீர் குடிக்கிறோம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் பரிசும், பிளாஸ்டிக் பையில் ஒரு மரக்கன்றும் பெற்றேன்.

எதிர்வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். கிணற்று நீரில் ஆட்டினால் மாவு லேசாகச் சிவந்துவிடுகிறது, வாங்குபவர்கள் பாதியாகிவிட்டார்கள். ஆலைக் கழிவை நிறுத்தக் கோரி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கி, போட்டி முடிந்த சில வாரங்களில் அவர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி தன் கைபேசியை நீட்டினாராம். நிறுவனம் வெளியிட்டிருந்த காணொளியில், நான் கிணற்று நீரைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். உங்கள் தெருப் பையனே இப்படிச் சொல்கிறானே என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கோபப்படவில்லை.

"நல்லாத்தான் பேசிகினு இருந்தப்பா. பாத்த எனக்கே ஒரு சொம்பு மொண்டு குடிக்கலாமான்னு தோணிச்சு."

சீட்டுக் குலுக்கும் முறையை அவருக்கு விளக்கினேன். 'அழிக்கிறது' வந்திருந்தால் இன்னும் சிறப்பாகப் பேசியிருப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"எங்களுக்கும் ஒருவாட்டி குலுக்கி இருக்கலாம்" என்றார். "இந்தக் கெணறுன்னு ஒரே சீட்டுதான் குடுத்தாங்க."

அவர் திரும்பிப் போனதும் கைபேசியை எடுத்தேன்.

நிறுவனத்தை அழைத்து, காணொளியை நீக்கக் கேட்டேன். என் கருத்துரிமையைப் பெரிதும் மதிப்பதால் அதை நீக்க மனம் வரவில்லை என்றார் மக்கள் தொடர்பு அலுவலர். அடுத்த ஆண்டு விழாவில் தொடக்கவுரை என்னுடையதுதான் என்றும் சொன்னார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: அந்த உரையின் முதல் வாக்கியம் ஒரு நொடி என் மனத்தில் உருவாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

தெருவைக் கடந்து போனேன். அக்காவின் கடை முன்னால் மாவுக்கு நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் பழகிய குரல் ஏற்ற இறக்கம் எதுவும் கைகொடுக்கவில்லை.

"அக்கா, வர்ற திங்கக்கிழமை திருவண்ணாமலைல கலெக்டர் மனு வாங்கறப்போ நானும் உங்ககூட வர்றேங்க. வீடியோவுல பேசினது நான்தான், அந்தத் தண்ணிய நான் குடிக்கல, சொன்னது பொய்னு எல்லார் எதிர்லயும் சொல்றேன்."