அநாதைக்கு ஒரு வாக்கியம்

பயப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. லிஃப்டுக்குப் பயம், ரத்தப் பரிசோதனைக்குப் பயம், தெரியாத எண்ணிலிருந்து வரும் போனுக்குப் பயம். பயப்படுவதற்கென்று ஒரு கம்பெனி திறந்து ஆள் எடுத்தால் என்னை நேராக சூப்பர்வைசராகவே போட்டுவிடுவார்கள். அந்தத் தொழிலை நான் கற்கத் தொடங்கியது 1991இல், ஒன்பது வயதில். முதன்முதலில் பயந்தது ஒரு கடுகைப் பார்த்து.

அப்போது எங்கள் வீடு வல்லக்கோட்டையிலிருந்து அரைமணி சைக்கிள் தூரத்தில் இருந்தது. அப்பா பெரும்புதூர்ப் பக்கம் ஒரு தகடு அடிக்கிற கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அப்பா சொல்லித்தான் அவருக்கு அதே கம்பெனியில், அதே பிரஸ்ஸில், ஹெல்பர் வேலை கிடைத்திருந்தது. அப்பா தகட்டை அச்சுக்குள் தள்ளி, கையால் ஓரம் சரிபார்த்து, கையை எடுத்துவிட்டு "ம்" என்பார். மாமா காலால் பெடலை மிதிப்பார். பிரஸ் இறங்கும். மறுபடி தகடு, மறுபடி "ம்". மாமா அப்பாவை "மாமா" என்பார், அப்பா அவரை "மச்சான்" என்பார். சாமி விஷயம் தவிர மற்றதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

சாமி விஷயத்தில் சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமையையும் பார்த்ததில்லை. அப்பா கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகனுக்குப் போகிறவர். மாமா கூடவே வருவார், கோயில் வாசலோடு நின்றுகொள்வார். நாங்கள் கும்பிட்டுவிட்டு வரும்வரை எங்கள் செருப்புகளுக்குக் காவலாக வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். கருப்புச் சட்டை இரண்டு வைத்திருந்தார். எங்கிருந்தோ சின்னச் சின்னப் புத்தகங்கள் கொண்டுவந்து படிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாதான் ஆரம்பித்தார்.

"எல்லாமே ஒரு கடுகு சைஸுல இருந்துச்சாம் மாமா. வானம், நட்சத்திரம், இந்த சைக்கிளு, நீ, நானு, எல்லாம். ஒரு நாளு டமார்னு வெடிச்சு விரிஞ்சிடுச்சு. யாரும் வெடிக்க வைக்கல. தானா."

"அந்தக் கடுக எந்தக் கடைல வாங்கினாங்க?"

"கடையும் அந்தக் கடுகுக்குள்ளதான் மாமா கீது."

அப்பா துணியைக் கீழே வைத்தார். "டேய் மச்சான், நீ பெடல மிதிக்காம நம்ம பிரஸ் தானா எறங்குமா? இத்தினி வருசத்துல ஒரு தபா எறங்கிகீதா?"

"எறங்காது."

"தம்மாத்தூண்டு பிரஸ்ஸு எறங்கவே ஒரு காலு வேணும். இம்மாம் பெரிய உலகத்துக்கு வேணாமா?"

"சரி, மிதிச்ச கால யாரு பண்ணது? உங்க சாமிக்கு அம்மா யாரு, அப்பா யாரு? அத்த சொல்லு."

அப்பா கொஞ்ச நேரம் செயினைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "அவருக்கு யாரும் இல்லடா. அவரு அநாதி."

உள்ளேயிருந்து அம்மா, "ரெண்டு பேரும் உலகத்த அப்பாலிக்கா பண்ணுங்க, மொதல்ல ரெண்டு கொடம் தண்ணி புடிச்சினு வாங்க" என்று கத்தியதில் விவாதம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அநாதி என்றால் ஆதி இல்லாதவர், தொடக்கம் என்று ஒன்று இல்லாமல் எப்போதும் இருக்கிறவர். ஒன்பது வயதுக் காதில் அது அநாதை என்றுதான் விழுந்தது. முன்னால் "யாரும் இல்லடா" என்று வேறு அப்பா சொல்லியிருந்தாரா, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. கடவுள் அநாதை. அதனால்தான் அப்பா குரலைத் தணித்திருக்கிறார். வெளியே சொல்லக்கூடாத குடும்ப ரகசியம்.

அன்றிலிருந்து இரண்டு பயங்கள் எனக்கு ஷிப்ட் போட்டு வேலை பார்த்தன.

பகல் முழுக்க மாமாவின் கடுகு. உலகம் தானாக வந்ததென்றால் தானாகப் போய்விடவும் செய்யும் அல்லவா? கேட்காமல் வந்தது சொல்லாமல் போகும். பெரும்புதூரில் அந்த மே மாதம் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாராவது "வெடிச்சுது" என்றாலே பேச்சு நின்றுவிடும். அப்படிப்பட்ட வருஷத்தில் போய் மாமா இதைச் சொல்லியிருக்கிறார். அம்மா தாளிக்கக் கடுகை எண்ணெயில் போடும்போதெல்லாம் நான் தெருவுக்கு ஓடினேன். ஒவ்வொரு கடுகிலிருந்தும் ஒரு வானம், ஒரு சைக்கிள், ஒரு மாமா கிளம்பி வந்தால் எங்கே நிற்பது? வயல் பக்கம் ஒதுங்கும்போதுகூட வீட்டைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்தேன். நான் பார்க்காத நேரத்தில் அது இல்லாமல் போய்விட்டால்?

பொழுது சாய்ந்ததும் அப்பாவின் அநாதை வந்துவிடுவார். நான் ஓணானை அடித்தால் அப்பா முதுகில் இரண்டு வைப்பார். சாமி ஓணானை அடித்தால் யார் வைப்பது? கண்டிக்க ஆளில்லாத ஒருவர் கையில் இடி, மின்னல், காலரா எல்லாம் இருக்கிறது. முருகனை நினைத்துக் கொஞ்சம் தைரியம் கொண்டேன். அவருக்கு அப்பா, அம்மா, அண்ணன், மாமா எல்லோரும் உண்டு, நம்மைப் போலக் குடும்பஸ்தர். அப்புறம்தான் உறைத்தது. முருகனுக்கு அப்பா சிவன். சிவனுக்கு அப்பா? அங்கே போய்க் கதவு மூடிக்கொண்டது. ஆக, அவர்தான் அந்த அநாதை.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பரீட்சை. "வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்று ஐந்து சொற்கள். கடைசிச் சொல், அநாதை. மற்றவர்கள் "அநாதைகளுக்கு உதவ வேண்டும்" என்று எழுதிப் பிழைத்துக்கொண்டார்கள். நான் மூன்று நாள் ஆராய்ச்சியை மனதில் வைத்து, "கடவுள் ஓர் அநாதை" என்று எழுதினேன். "ஒரு" போடாமல் "ஓர்" போட்டதற்காவது டீச்சர் அரை மார்க் கொடுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக வகுப்புக்கே கேட்கும்படி படித்துக் காட்டி, மண்டையில் ஒரு குட்டு வைத்து, "சாமி கண்ணக் குத்தும்டா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதைத் திருத்தினான். "கண்ணல்லாம் குத்தாது. அத்த அநாதைன்னு சொன்ன இல்ல? உன்னையும் அநாதையா ஆக்கிடும். பாரேன்."

அப்பாவுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா தினமும் குளித்துவிட்டு வாசலில் துண்டு உதறிக்கொண்டிருப்பார். அன்று வாசலில் துண்டும் இல்லை, அப்பாவும் இல்லை. ரோட்டுமுனைக்குப் போய் நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து மாமா வந்தார். கம்பெனிச் சட்டையைக் காணோம், வெறும் பனியன். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கியது. எண்ணினேன். இரண்டு பை. ஆள் ஒன்று.

"அப்பா எங்க மாமா?"

"ஓட்டிடா. அப்பாக்கு இன்னிக்கு ஓட்டி."

ஓவர்டைம் பார்க்கிறவர் சாப்பாட்டுப் பையை வீட்டுக்கு அனுப்புவாரா? மாமா அம்மாவைக் கிணற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு கூடையில் லுங்கி, துண்டு, ஒரு டம்ளர். "கடைக்குப் போய்ட்டு வரேன், மாமாகிட்ட இரு" என்று பக்கத்து வீட்டு அக்காவோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு யார் கடைக்குப் போவார்கள்?

கண்டிக்க ஆளில்லாதவர் வேலையைக் காட்டிவிட்டார். மூன்று மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து ஊளையிட்டேன். ஊளை என்பது மரியாதையான சொல். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் கட்டியிருந்த எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டது.

"நான்தான் மாமா! நான்தான் பண்ணேன்!"

மாமா முகம் மாறியது. "இன்னாடா சொன்ன?"

"நான்தான் மாமா அப்பாவ… நான்தான்!"

சாமியை அநாதை என்று எழுதியதை, டீச்சர் குட்டியதை, பக்கத்துப் பையன் சொன்னதை எல்லாம் மூக்குச்சளியோடும் கண்ணீரோடும் கொட்டினேன். வேறு நாளாக இருந்தால் மாமா ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பார். அன்று என் முன்னால் குந்தி உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை குளிர்ந்திருந்தது.

"நீ இல்லடா."

"பின்ன யாரு?"

மாமா என் கையை விட்டார். "அப்பாக்கு கைல அடிடா. உசுருக்கு ஒண்ணியும் இல்ல. ஆஸ்பத்திரில கீறாரு" என்றார். நான் நம்பவில்லை. ஓட்டி என்று ஒரு பொய் சொன்னவர் இரண்டாவது சொல்லமாட்டாரா? என்னைத் தூக்கி சைக்கிள் பாரில் உட்காரவைத்தார். வல்லக்கோட்டைப் பக்கம் திரும்பினார்.

கோயில் வாசலில் எப்போதும் நிற்கிற இடத்தில் மாமா நின்றார். நான் செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் இன்னொரு ஜோடி செருப்பு கழன்றது. உள்ளே அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டதும், அப்பா பேரையும் நட்சத்திரத்தையும் மாமா தடுமாறாமல் சொன்னார். கும்பிடவில்லை. ஒரு கை என் தோளில் இருந்தது, எலும்பு வலிக்கிற அளவுக்கு. நான் கண்ணை இறுக்க மூடி முருகனிடம் பேசினேன்: நான் எழுதியது உங்கள் அப்பாவைப் பற்றித்தான், தப்புதான், கொஞ்சம் அவரிடம் சொல்லிவையுங்கள், எனக்கு என் அப்பாவைக் கொடுத்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நீ இன்னாத்துக்கு மாமா உள்ள வந்த?"

"சும்மாடா" என்றார்.

வெள்ளிக்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அப்பா உயிரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை வெள்ளைக் கட்டு. அதற்குள் இரண்டு விரல் இல்லை என்று அம்மா சொன்னாள். எனக்கு விரல் கணக்கு முக்கியமாகப் படவில்லை, அப்பா இருந்தார். என் வாக்கியத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்பா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "அநாதி சார்வாளே, அநாதி. காதக் கழுவு மொதல்ல." மாமா மட்டும் ஜன்னல் ஓரத்தில் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்தபடியே நின்றார்.

அப்போது கம்பெனியிலிருந்து ஒரு சார் ஃபைலோடு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"எப்படிய்யா ஆச்சு? மச்சான்காரன் பாக்காம மிதிச்சானா? உள்ளத சொல்லிடு. அவன் தப்புன்னா இன்னியோட நிறுத்திடுவாங்க. அதோட வுடமாட்டாங்க, கேஸும் வரும்."

"அவன் மிதிக்கல சார். தானா எறங்கிச்சு."

"தானா எப்படிய்யா எறங்கும்?"

"எறங்கிச்சு சார். யாரும் மிதிக்கல. தானா."

எனக்குத் தாங்கவில்லை. ஐந்து நாளாகப் பயந்து செத்தவனுக்கு இதில் ஒரு தெளிவு வேண்டாமா? "ஏம்பா, பிரஸ் தானா எறங்காதுன்னு நீதான சொன்ன? மாமா பெடல மிதிச்சாதான்…"

சாரின் பேனா நின்றது. மாமா ஜன்னலை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "சார், நானு…"

"இவன் பேச்ச எடுத்துக்காதீங்க சார்" என்று அப்பா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "சாமியவே அநாதைன்னு பரிச்சைல எழுதின பையன் சார் இவன். டீச்சரையே கேட்டுப் பாருங்க."

சார் என்னைப் பார்த்தார். "அப்படியாடா எழுதின?"

தலையாட்டினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னவோ எழுதி, அப்பாவின் இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை முட்டியது. நம் குடும்ப விஷயத்தை அந்நியரிடம் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டாரே என்று ஒரு கோபம். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு அடித்துப் பேசிவிட்டு இப்போது மாமா கட்சிக்கே தாவிவிட்டாரே என்று இன்னொரு கோபம். மாமா ஜெயித்துவிட்டார், ஆனால் ஜெயித்த முகமாக அது இல்லை. "மாமா…" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

"சோறு பெசை மச்சான். பசிக்குது" என்றார் அப்பா.

மாமா கட்டிலோரம் உட்கார்ந்து பிசைந்தார். ஓர் உருண்டை உருட்டி அப்பாவின் வாய்க்கு நேரே கொண்டுபோய், அப்படியே நிறுத்திக்கொண்டார். அப்பா வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தார். மாமா கொடுக்கவில்லை.

"ம்" என்றார் அப்பா.

அப்புறம்தான் ஊட்டினார். அடுத்த உருண்டையும் அப்படியே அந்தரத்தில் நின்றது, அப்பா "ம்" என்கிறவரைக்கும். அதற்கடுத்ததும். வாயைத் திறந்திருக்கிறவருக்கு ஊட்ட இந்த மாமாவுக்கு என்ன கேடு, ஒவ்வொரு வாய்க்கும் உத்தரவு கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, நான் தூக்கில் மீதி இருந்த வறுவலைத் தின்றுகொண்டிருந்தேன்.