மேல் குழாயில் வந்த சூடு

என் வலது முன்கையில் ஒரு வெளிர்த் தழும்பு உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வண்டலூர் போகும் வழியில் கார் கொதித்து நின்றபோது, அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்ததால் வந்தது. பீறிட்ட வெந்நீரில் நான் அலறிய அலறலைக் கேட்டு, பின் இருக்கையிலிருந்த என் மகள் கதவைத் திறந்து ஓடினாள். சாலையோரப் பள்ளத்தில் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிளஸ் டூ பரீட்சைக்கு அப்போது ஒரு மாதம்கூட இல்லை.

கை ஆறிவிட்டது. ஆவி சீறிய அந்தச் சத்தம் மட்டும் இன்றுவரை போகவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இப்போதும் தோள் தூக்கிப்போடுகிறது.

கொதித்ததற்குக் காரணம் நான்தான். அந்தப் பழைய காரை வாங்கியபோது, என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் வால்வை ஒரு மெக்கானிக் கழற்றி எறிந்தார். மெட்ராஸ் வெயிலுக்கு அது வேண்டாத சாமான் என்றார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதன்பிறகு சூடு காட்டும் முள் எப்போதும் கீழேயே படுத்துக் கிடந்தது. எங்கள் வண்டி சூடாவதே இல்லை என்று ஆபீஸில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போதாக்குறைக்கு, தினமும் காலையில் முடிச்சூர் வீட்டு போர்வெல் தண்ணீரை நானே ரேடியேட்டரில் ஊற்றினேன். வெந்நீர்த் தவலையில் அந்தத் தண்ணீர் வைக்கும் வெள்ளைப் படிவை வாராவாரம் சுரண்டுவேன். முள் கீழேயே கிடந்ததால், ரேடியேட்டருக்குள்ளும் அதே படிவு அடைத்துக்கொண்டிருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் வேறொரு மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். புது வால்வும் போட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, என் முகத்தைப் பார்த்தே நிதானமாகச் சொன்னார். என்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர் போதுமான அளவு சூடாகும்வரை வால்வு மூடியிருக்கும். அதுவரை ரேடியேட்டர் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே நிற்கும். திறந்த பிறகுதான் இரண்டும் கலக்கும்.

"முள்ளு சரசரன்னு ஏறும் மேடம், பாதியத் தாண்டும். பயந்துக்காதீங்க. தொறந்ததும் தானா இறங்கும். சந்தேகம் வந்தா மூடிகிட்ட போவாதீங்க, மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. சில்லுனு இருந்தா இன்னும் தொறக்கலைன்னு அர்த்தம்."

வால்வு திறக்கவே இல்லையென்றால் என்று கேட்டேன். அப்போது என்ஜினை நிறுத்திவிட்டு ஆள் அனுப்பச் சொன்னார்.

மறுநாள் இயற்பியல் பரீட்சை. சென்டர் குரோம்பேட்டையில். மகளுக்குத் தொடைவரை மாவுக்கட்டு. மடக்க முடியாத காலோடு பஸ்ஸிலும் ஏற முடியாது, ஆட்டோவிலும் உட்கார முடியாது. காரின் பின் இருக்கையில் காலை நீட்டி உட்காரவைத்தேன். கணவர் வெளியூர் வேலையில் இருந்தார். ஓட்ட நான்தான்.

முடிச்சூர் ரோட்டிலேயே முள் எழுந்தது. கால்வாசி. பாதி. இத்தனை வருஷம் படுத்தே கிடந்த முள் அது. பாதியைத் தாண்டியதும் என் காதில் வண்டலூர்ச் சத்தம் கேட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொடுவதற்கு முன்பே ஓரம் கட்டிவிட்டேன்.

"அம்மா, டைம் ஆகுது," என்றாள்.

என்ஜினை நிறுத்தாமல் இறங்கி, முள்ளைப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொன்னேன். பானெட்டைத் தூக்குவதற்குள் ஒரு ஆட்டோக்காரர் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார்.

"இன்னாக்கா, பேஜார் பண்ணுதா? மூடியத் தொறந்து ஊத்தினா சரியாப் பூடும்," என்று துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியை நோக்கிக் குனிந்தார். அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தேன். தழும்பைக் காட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

பிறகு அதே கையை, என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயின்மீது வைத்தேன். சில்லென்று இருந்தது. மெக்கானிக் சொன்னது அப்படியே பொருந்தியது. ஆனால் திறக்குமா? திறக்காவிட்டால் இன்னும் சில நிமிஷங்களில் கொதித்துவிடும். இப்போதே நிறுத்தினால் கார் பிழைக்கும், பரீட்சை போகும். என்னால் ஒடிந்த காலோடு படித்தவளுக்கு என்னாலேயே ஒரு வருஷம் போகும். கையை எடுக்காமல் நின்றேன்.

"முள்ளு எங்க இருக்கு?" என்று குரல் கொடுத்தேன்.

"முக்கால்கிட்ட."

ஆட்டோக்காரர் தள்ளி நின்றே, வண்டிக்கு நாடி பார்க்கும் டாக்டரம்மாவை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். சிரிக்கத் தோன்றவில்லை.

அப்போது என் உள்ளங்கைக்குள் குழாய் லேசாக அதிர்ந்தது. முதலில் வெதுவெதுப்பு. என் பயம்தான் சூடாகத் தெரிகிறதோ என்று நினைத்தேன். அடுத்த மூச்சுக்குள் கையை வைக்க முடியாத சூடு. வெடுக்கென்று எடுத்தேன். இந்த முறை அலறவில்லை.

"அம்மா, இறங்குது! பாதிக்கு வந்துடுச்சு."

பானெட்டை அடித்து மூடினேன். ஆட்டோக்காரர் கொண்டுவந்த தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, "போ டாக்டரம்மா, பாப்பா பாஸு," என்று ரோட்டில் இறங்கி, எனக்காக லாரியை மறித்துக் கைகாட்டினார்.

சானடோரியம் தாண்டும்போது பார்த்தேன். பாதியில் முள். குரோம்பேட்டை சிக்னலில் நின்றபோதும் பாதி. பள்ளி வாசலில் முதல் மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு போனவள், படியேறுமுன் திரும்பி, ஆள்காட்டி விரலை நேராக நிமிர்த்திக் காட்டினாள். முள் நடுவில் நிற்கிறது என்று அர்த்தம்.

அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தழும்பு இருக்கும் கையாலேயே, வாசலில் ஒருவரும் இல்லாதபோது, ஒருமுறை நீளமாக ஹாரன் அடித்தேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து முறைத்தார். சாரி சொல்லவில்லை.