ஹோட்டலுக்கு வா

அந்த அறையில் எனக்கு முதலில் எரிச்சல் மூட்டியது துவாய்தான். கட்டிலின் நடுவில் அதைக் கொக்கு மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். மூஞ்சி துடைக்கிற துணிக்கு எதற்கு இத்தனை சிங்காரம்? ஆனாலும் கலைக்க மனம் வரவில்லை. இருந்த நாளெல்லாம் சேலைத் தலைப்பிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கொழும்பில், கோட்டை ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்துச் செய்த சின்ன ஹோட்டல் அது. வழவழவென்று சிமெந்துத் தரை, வாசலில் பித்தளை உருளியில் அரலியாப் பூ, வெள்ளைச் சாரம் கட்டிய பரிமாறுகிறவர்கள். றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவம் பார்க்கிறவள் நான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளுக்குப் பால் கரைப்பதும் மூக்குச் சிந்திவிடுவதும் தொட்டில் ஆட்டுவதும் என் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நிறுவனம் பயிற்சி வைத்து, அங்கே தங்கவைத்தது. சண்டை நிறுத்தம் இருந்த காலம் என்பதால் வீட்டிலும் பயமில்லாமல் அனுப்பினார்கள்.

ஹோட்டலின் பெயர் இங்கிலீஷிலும் சேராத, சிங்களத்திலும் சேராத ஏதோ ஒரு சொல். எனக்கு வாயில் நுழையவில்லை. பயிற்சிக்கு வந்த மற்றவர்களும் அப்படித்தான். "ஹோட்டலுக்குப் போவோம்", "ஹோட்டல்ல வச்சிட்டு வந்துட்டேன்" என்றே எல்லாரும் பேசினோம்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லாரும் ஊருக்கு பஸ் ஏறினார்கள். நான் மட்டும் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு நாள் தங்க அனுமதி வாங்கினேன். காரணம் என் தங்கச்சி.

அவள் மருதானையில் ஒரு ஏஜென்சிக்காரரின் வீட்டில் இருந்தாள். வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எயார்போர்ட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அவளுக்குப் போக விருப்பமே இல்லை. "இங்க ஒரு வேல கெடச்சா நான் எதுக்குக்கா போறேன்?" என்று அழுதுகொண்டேதான் வீட்டை விட்டு இறங்கினாள். அவள் இறங்கிப்போன பிறகுதான் தோட்டத்துத் துரை, பிள்ளைமடுவத்துக்கு இன்னொரு ஆள் எடுக்கலாம், உன் தங்கச்சியையே போடு என்று சம்மதித்தார். இந்தச் செய்தியை அவளிடம் சொல்லி, கையோடு ஊருக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். அதற்காகத்தான் அந்த ஒரு நாள்.

வரவேற்பு மேசையிலிருந்து ஏஜென்சிக்கு டெலிபோன் எடுத்தேன். தங்கச்சியைக் கூப்பிட்டுவிட்டு அந்த ஆள் பக்கத்திலேயே நின்றார். அவர் இருமுவது எனக்குக் கேட்டது. வேலை கிடைத்துவிட்டது, வந்துவிடு என்று சொன்னால் அவளை வெளியே விடமாட்டார்கள். அதனால் அவருக்கும் கேட்கட்டும் என்று பொதுவாகப் பேசினேன்.

"நாளைக்குக் காலையில வா. ஒண்ணா சாப்பிடுவோம்."

"எங்கக்கா?"

"கோட்டை ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல, ஹோட்டல்ல இருப்பேன்."

"சரிக்கா. பசியோட வாரேன்."

அவள் சிரித்த சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டுக் கீழே வந்து, வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசையில் பப்பாளியும் பாணும் முட்டையும் வைத்திருந்தார்கள். தங்கச்சி வரட்டும் என்று நான் தொடவில்லை. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று சாப்பிட்டு எழுந்து போனது. பிறகு இன்னொரு குடும்பம். பரிமாறுகிறவர் எல்லாவற்றையும் எடுத்துப்போகிறபோது என்னைப் பார்த்த பார்வையில் கூச்சமாகிவிட்டது.

வரவேற்பு மேசைப் பெண் நல்லவள். என் சிங்களத்தைக் கேட்டு என்னையும் சிங்களப் பெண் என்றே நினைத்திருந்தாள். "நங்கி ஆவத?" என்று அடிக்கொருதரம் கேட்டாள். தங்கச்சி வந்துவிட்டாளா என்று கேட்டவளுக்கு, தெருவில் சனம், பஸ் பிந்தியிருக்கும் என்று நானும் ஏதேதோ சொன்னேன். எழுந்து போய்த் தேடலாம் என்றால், போன நேரத்தில் அவள் வந்துவிட்டால்? கேற் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். ரயில் வரும்போதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து சனம் வந்து கொட்டியது. அத்தனை பேரில் எனக்கென்று ஒரு முகம் இல்லை. இவ்வளவு பெரிய ஊரில் நான் செத்துக்கிடந்தாலும் கேட்க நாதியில்லை என்று தோன்றி, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானம் ஏஜென்சிக்கு மறுபடி டெலிபோன் எடுத்தேன். "அக்காவப் பாக்கன்னு காலையிலேயே போயிட்டாளே" என்றார் அந்த ஆள். வழியில் அவளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று மறுபடி கேற்றுக்கு ஓடினேன். பிறகு எடுத்தபோது, "திரும்பி வந்து, எயார்போர்ட்டுக்கும் போயாச்சு" என்றார்.

பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. கடல் கடந்து போகிற மகாராணிக்கு அக்காவை வந்து பார்க்க நேரமில்லையோ என்று அறைக்குள்ளே தனியாகத் திட்டினேன். திட்டுவதைக் கேட்கக்கூட ஆளில்லை. கட்டிலில் இரண்டு தலையணை போட்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. கொஞ்ச நாள் கழித்து, றக்வானை டவுனில் எங்களுக்குத் தெரிந்த கடைக்குக் குவைத்திலிருந்து டெலிபோன் கோல் வந்தது. ரிசீவரைக் காதில் வைத்ததும் அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏங்கா அன்னைக்கு வரல?"

"நானா வரல? நான் ஹோட்டல்லதானே இருந்தேன்!"

"நானும் ஹோட்டல்லதாங்கா இருந்தேன். டீ மேல டீயா வாங்கிக் குடிச்சேன். சாப்பிடாட்டி எந்திரி, ஆளுக நிக்கிறாங்கன்னு மொதலாளி ஏசினாரு. அப்பறமும் வாசல்லயே நின்னேன்."

எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் சோறு விற்கிற கடை. தோசையும் வடையும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும், சம்பளநாளில் போய்ச் சாப்பிடுவோம். படுத்துத் தூங்குகிற இடத்தை யார் ஹோட்டல் என்று சொன்னார்கள்? ஸ்டேஷனுக்கு எதிரே அப்படி வரிசையாகக் கடைகள். நான் கேற்றில் நின்று பார்த்த அதே தெருவில், ஏதோ ஒரு கடை வாசலில் அவளும் நின்றிருக்கிறாள். சில நாள் அந்தத் தரையில் நடந்ததற்கே என் வாயில் அந்தச் சொல் மாறிப்போயிருந்தது. அவள் வாயில் மாறவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"எதுக்குக்கா வரச்சொன்ன? ஏதாச்சும் சொல்லணும்னு இருந்தியா?"

பிள்ளைமடுவத்து வேலைக்கு அதற்குள் வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். தங்கச்சிக்கு அங்கே இரண்டு வருஷ ஒப்பந்தம்.

"ஒண்ணுமில்லடி," என்றேன். "சும்மா ஒன்னையப் பாக்கணும் போல இருந்துச்சு."