பங்காளிக்குப் போகாத நம்பர்

இன்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பரிசுச் சீட்டு விற்பவர் ஒரு ரூபாய்ச் சீட்டை என்னிடம் நீட்டினார். எண் 104729.

கணக்கு வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? “இது பகா எண் மாதிரி தெரியுது. ஒண்ணையும் அதையும் விட்டா வேற எந்த எண்ணாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது” என்றேன்.

பக்கத்தில் நின்ற ஆசாரி கேட்டார்: “அப்ப பரிசு விழுந்தா அண்ணன் தம்பிக்குப் பங்கு குடுக்க வேணாமா சார்?”

விற்பவர் உடனே கூவினார்: “பங்காளிக்குப் போகாத நம்பரு! வாத்தியாரே சொல்லிட்டாக!”

கூட்டம் மொய்த்தது. “கட்டுல பாதிச் சீட்டு இரட்டைப்படை எண்ணு, அதெல்லாம் ரெண்டால வகுபடுமய்யா!” என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. கட்டு முழுக்கத் தீர்ந்தது.

முதல் சீட்டை, அந்த 104729-ஐ, வாங்கியது நான்தான். எனக்கு மூன்று அண்ணன்கள்.

வகுத்துப் பார்ப்பவர்கள் பாருங்கள். மீதியில்லாமல் போனால், தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.