வாய்விட்டுச் சொல்லி ஆடுகிறவள்

அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் ஷாலினி மேரியைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. ஆலையில் யாருக்காவது கை நசுங்கினால், "மேரி சிஸ்டர் டூட்டில இருக்காங்களா பாரு" என்பார்கள். அதே சிஸ்டரிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமென்றால், "அது கெடைச்சாப்லதான்" என்று சிரிப்பார்கள். இரண்டும் உண்மைதான். சுற்றியிருப்பவர்கள் பதறும்போதுதான் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். எதை முதலில் கட்டுவது, யாரை வண்டிக்கு அனுப்புவது என்று கை தானாக வேலை செய்யும். ஆளைத் திருச்சிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, நடந்ததை எழுத உட்கார்ந்தால் பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவாள். எதற்கு எழுந்தோம் என்பதும் வாசலுக்குப் போவதற்குள் மறந்துவிடும்.

ஏலாக்குறிச்சியில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இப்படித்தான். "புத்திசாலி, ஆனா கவனம் கெடையாது" என்று ஒவ்வொரு டீச்சரும் அம்மாவிடம் சொன்னார்கள். பெரம்பலூரில் நர்சிங் படித்தபோது ஹால் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுத் தேர்வுக்கு ஓடினாள். கல்யாணமாகி வந்த பிறகு, பால் பொங்கி அடுப்பை அணைத்த நாள்களே அதிகம். காளான் வளர்க்கிறேன் என்று ஆரம்பித்தாள். எம்ப்ராய்டரி மிஷின் வாங்கினாள். கீபோர்டு கற்றுக்கொள்ளப் போனாள். எல்லாம் பரண்மேல் ஏறின. அவள் கணவன் சகாய ஆனந்த் வரதராஜன்பேட்டையில் கணக்கு வாத்தியார். பொறுமையான மனிதர். ஆனால் மகளைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிவர அவள் மறந்ததால், பிள்ளை கோயில் வாசலில் மழையில் நின்ற அன்று அவருக்கும் பொறுமை போனது.

"ஒனக்கு எங்க மேல அக்கறையே இல்லையா, மேரி?"

அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் பலமுறை கேட்டிருந்தாள்.

அந்த வாரமே தனியாகத் திருச்சிக்குப் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தாள். அவர் சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். அடுத்தடுத்த தடவைகளில் சகாய ஆனந்தையும் வரச் சொன்னார். கடைசியில், "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. அக்கறைக் கொறைச்சலும் இல்ல. பொறந்ததுலேர்ந்தே ஒங்க மூளை வேலை செய்யிற விதம் இது. ஏ.டி.எச்.டி.ன்னு சொல்லுவோம்" என்றார். மாத்திரை எழுதித் தந்து, உடம்பை ஓட்டும்படி ஏதாவது விளையாடுங்கள் என்றும் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அழுதுகொண்டே வந்தாள். முப்பத்தாறு வயதுவரை இதை யாரும் சொல்லவில்லையே என்ற கோபமும் அதில் இருந்தது. சகாய ஆனந்த் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோல்ஃப் அவள் வாழ்க்கைக்குள் ஜன்னலை உடைத்துக்கொண்டுதான் வந்தது. சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்த பழைய பள்ளத்தை மண் போட்டு மூடி, ஆலைக்காரர்கள் அதன்மேல் ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார்கள். மேரி வேலை பார்க்கும் ஆலை மருந்தகம் அதன் ஓரத்தில். ஒரு நாள் காலையில் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு வெள்ளைப் பந்து ஒன்று மருந்து மேசையில் வந்து விழுந்தது. பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றாள் பரிமளா. ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர், பூலாம்பாடிப் பெண். மன்னிப்புக் கேட்டவள், உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளிய பிறகும் போகவில்லை.

"இங்க பொம்பளைங்க யாரும் ஆட வரமாட்டேங்கிறாங்க, சிஸ்டர். ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்."

டூட்டி முடிந்ததும் மேரி போனாள். முதல் இரண்டு வீச்சும் காற்றில் போயின. மூன்றாவது வீச்சில் 'டக்'கென்று ஒரு சத்தம். பந்து முள்வேலிக்கு மேலே ஏறி வெயிலில் காணாமல் போனது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அடுத்த ஒரு மாதத்துக்கு வீட்டில் வேறு பேச்சே இல்லை. சகாய ஆனந்த் பரணைப் பார்த்தார். "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டார்.

ஆனால் இந்த ஆட்டம் அவளை விடாமல் சோதித்தது. பரிமளா அடித்து முடிப்பதற்குள் இவள் அடித்துவிடுவாள். மட்டையைப் புல்லில் போட்டுவிட்டு அடுத்த குழிக்கு நடந்துவிடுவாள். பந்தின் மேல் குனிந்து நிற்கும்போது மயில் அகவினால் தலை நிமிரும், கை அது பாட்டுக்கு வீசும், பந்து புதருக்குள் போகும். ஒரு நாள் வேறொருவர் பந்தையே அடித்துவிட்டாள். மாத்திரை தலைக்குள் இருந்த சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தது, முழுக்க நிறுத்தவில்லை.

"எனக்கு இது ஆவாது, பரிமளா. நாலு மணி நேரம் ஒரே விஷயத்துல நிக்கிற ஆளு இல்ல நான்."

"நாலு மணி நேரம் யாரு நிக்கச் சொன்னா? பந்தடிக்கிறது ஒரு நிமிஷங்கூட இல்ல. மீதியெல்லாம் நடைதான். நடக்கறப்ப என்ன வேணா நெனைச்சுக்க."

மறுநாள் ஒரு லாரி ஓட்டுநருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது மேரிக்குப் பொறி தட்டியது. இத்தனை வருஷத்தில் ஊசி விஷயத்தில் அவள் ஒருநாளும் தவறியதில்லை. காரணம், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு மருந்தை மாற்றி எடுத்துப் பயந்துபோன பின் அவளாக வைத்துக்கொண்ட பழக்கம். ஆளின் பெயரை வாய்விட்டுக் கேட்பாள். மருந்தின் பெயரை வாய்விட்டுப் படிப்பாள். அளவையும் எந்தக் கை என்பதையும் வாய்விட்டுச் சொல்வாள். அதன் பிறகுதான் ஊசி. காதில் தன் குரல் விழும்வரை மனம் வேறெங்கும் போவதில்லை.

சாயங்காலம் மைதானத்தில் அதையே செய்தாள். "என் பந்து, சிவப்புப் புள்ளி. கொடி எடது பக்கம். காத்து எதுக்கால. ஏழாம் நம்பர் மட்டை." சொல்லி முடித்து அடித்தாள். பிறகு அடுத்த பந்துவரை மனத்தை அவிழ்த்து விட்டாள். அது காளான்களையும் மகளின் பரீட்சையையும் மேய்ந்துவிட்டு வந்தது. பந்தருகே வந்ததும் மறுபடி வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு வருடத்தில், குடியிருப்பில் வாரக் கடைசியில் ஆடும் அதிகாரிகளில் பாதிப் பேருக்குமேல் அவளிடம் தோற்றுப் பழகியிருந்தார்கள். மழையானாலும் வெயிலானாலும் அவள் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. இதைத்தான் சகாய ஆனந்தால் நம்ப முடியவில்லை.

பிறகு கோயம்புத்தூரில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான இரண்டு நாள் போட்டி ஒன்று வந்தது. பரிமளா இரண்டு பேர் பெயரையும் கொடுத்தாள். அதில் ஒரு சிக்கல். மேரி சாப்பிடும் மாத்திரை, ஊக்கமருந்து விதிகளின்படி போட்டி நாளில் தடை செய்யப்பட்ட ஒன்று. மருத்துவர் சான்றோடு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். சான்றை வாங்கிப் பையில் வைத்தாள். அந்தப் பையை மாற்றினாள். ஞாபகம் வந்தபோது கடைசித் தேதி போய்விட்டது.

"மறக்காம இருக்கற மாத்திரைக்கு அனுமதி கேக்க மறந்துட்டேன்" என்று சொல்லி, மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு உட்கார்ந்து யோசித்தாள். மருத்துவருக்குப் போன் போட்டாள். இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆட்டம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான் என்றார் அவர். போவதென்று முடிவு செய்தாள். மட்டைப் பையைத் தூக்க சகாய ஆனந்தே லீவு போட்டுக்கொண்டு வந்தார்.

ஊரில் புல்லுக்குத் தண்ணீர் கிடையாது. குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைத்தான் பரப்பியிருப்பார்கள். இங்கே எல்லாம் வழுவழுவென்று புல். மெதுவாகத் தள்ளினாலும் பந்து ஓடிக்கொண்டே இருந்தது. அதைக்கூடச் சமாளித்தாள். அவளோடு ஒரே குழுவில் ஆட அனுப்பப்பட்ட சென்னை வக்கீல் ஜானகிதான் சமாளிக்க முடியாதவராக இருந்தார்.

"மேடம், நான் அடிக்க நிக்கறப்ப நீங்க ஏதோ முணுமுணுக்கிறீங்க. கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?"

ஜானகி சொன்னதில் தவறில்லை. மேரி தன் முறை வரும் முன்பே சொல்ல ஆரம்பித்திருந்தாள். வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. வாய் மூடியதும் மனம் நாலு பக்கமும் ஓடியது. ஒரு பந்து குளத்தில் விழுந்தது. அடுத்தது மரத்தில் மோதியது. ஒரு குழியில் எத்தனை அடித்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. சகாய ஆனந்த் எண்ணிச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். சின்ன வயதில் வகுப்பில் நிற்க வைத்தபோது நின்றதுபோல நின்றாள்.

அன்றைய ஆட்டம் முடிந்து விடுதிக்குப் போகும் வழியில் சகாய ஆனந்த், "அந்த அம்மாகிட்ட சொல்லிடேன், மேரி" என்றார்.

"என்னன்னு சொல்றது? சாக்குச் சொல்றேன்னு நெனைப்பாங்க."

"நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனைச்சேன். ரெண்டு வருஷமா ஒன்னைப் பாக்கறேன். சாக்குச் சொல்ற ஆளு மழையில போயி பந்தடிச்சிட்டு வராது."

மறுநாள் காலையில் அவளாகவே ஜானகியிடம் போனாள். "மேடம், எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு. வாய்விட்டுச் சொன்னாத்தான் என்னால அடிக்க முடியும். நேத்து ஒங்க முறையில பேசினது தப்புதான். இன்னைக்கு என் முறையில மட்டும், தள்ளி நின்னு சொல்லிக்கிறேன். சரிங்களா?"

இதற்கு முன் அவள் அதை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. ஜானகி கையுறையைப் போட்டு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே. சொல்லிக்கிட்டே ஆடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

மேரி தள்ளி நின்றாள். என் பந்து. சிவப்புப் புள்ளி. கொடி நேரே. காத்து இல்ல. பந்து புல் நடுவில் போய் உட்கார்ந்தது. குழி குழியாக அப்படியே போனாள். பாதி ஆட்டத்துக்கு மேல் ஜானகியே அவள் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்களைக் கையமர்த்தினார். சகாய ஆனந்த் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஊரில் அவளை யாராவது கவனமில்லாதவள் என்று சொன்னால் இனிமேல் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்ததாகப் பிறகு சொன்னார். முதல் நாள் சறுக்கலையும் மீறி அவளுக்கு மூன்றாவது பரிசு கிடைத்தது. முதலில் கை தட்டியது ஜானகி.

சேலம், ஆத்தூர் வழியாகத் திரும்பினார்கள். பரிமளா பெரம்பலூரில் இறங்கி அம்மாவைப் பார்க்கப் பூலாம்பாடிக்குப் போனாள். மற்ற இருவரும் அரியலூர் பஸ் ஏறினார்கள். வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் பரிசுக் கோப்பை பஸ்ஸிலேயே இருப்பது தெரிந்தது. கணக்கு வாத்தியாரும் சேர்ந்துதான் மறந்திருந்தார். அதனால் அன்றைக்கு யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த பஸ்ஸின் கண்டக்டர் கோப்பையை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

"ஓட்டப்பந்தயமா, சிஸ்டர்?"

"இல்லண்ணே, கோல்ஃப்."

"அதெல்லாம் நம்ம ஊருல ஆட எடம் ஏது?"

"இருக்குண்ணே. ஞாயித்துக்கெழம காலையில வாங்க, காட்டுறேன்" என்றாள் மேரி. சொன்ன கையோடு போனை எடுத்து, அதை மறந்துவிடாமல் இருக்க அலாரம் வைத்துக்கொண்டாள்.